புதுச்சேரிச் சுறா

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம், முழ நீளத்தில் கிடந்த ஒரு சுறாவைக் காட்டி இது என்ன சுறா என்று கேட்டேன். "பால் சுறாப்பா. வீட்ல யாராச்சும் புள்ள பெத்திருக்காங்களா?" என்றார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று நம்பிச் சமைப்பதால் வந்த பெயர் அது. ஆனால் சந்தையில் சின்னதாக எந்தச் சுறா வந்தாலும் பால் சுறாதான். எனக்குக் கவலையே அங்கேதான்.

ஏனென்றால் நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு சுறா உண்டு. செய்திகளில் 'பாண்டிச்சேரி ஷார்க்' என்று எழுதுகிறார்கள். புதுச்சேரிச் சுறா என்றாலே போதும்.

சுறா பழைய சொல். நிலா, நிலவு ஆவது போலச் சுறா, சுறவு என்றும் வரும். மலையாளத்தில் ஸ்ராவு, தெலுங்கில் சொர. பட்டினப்பாலையில் 'சினைச் சுறவின் கோடு நட்டு' என்றொரு வரி இருக்கிறது. கடலூருக்குத் தெற்கே, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை வீட்டில் நட்டுத் தெய்வமாக வணங்கினார்களாம். கொம்பு என்பதால் அது ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த வேளாவும் இன்று அழியும் நிலையில்தான் இருக்கிறது.

சரி, நம் சுறாவுக்கு ஊர்ப் பெயர் எப்படி ஒட்டியது? இங்கே பிரெஞ்சு ஆட்சி இருந்த காலத்தில் பிடிபட்ட மீனை வைத்து, 1839-இல் முல்லர், ஹென்லே என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் இதை விவரித்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வாயில் 'போந்திஷேரி' ஆகி, நம்மிடமே பாண்டிச்சேரியாகத் திரும்பி வந்தது. 2006-இல் ஊர் தன் பெயரை மீட்டுக்கொண்டது. மீன் மட்டும் இன்னும் பழைய பெயரோடு திரிகிறது.

அறிவியல் பெயர் கார்கரைனஸ் ஹெமியோடான். கிரேக்கத்தில் ஹெமி என்றால் அரை, ஓடான் என்றால் பல். மேல்தாடைப் பல்லின் அடிப்பக்கம் ரம்பம் போலவும், நுனி வழவழப்பாகவும் இருக்கும். அப்படியே தமிழாக்கினால் 'அரைப்பல் சுறா'. நல்ல சொல்தான், ஆனாலும் வலையை இழுக்கிற அவசரத்தில் யார் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள்? புதுச்சேரிச் சுறா என்றால் கரையில் உள்ளவர்களுக்கு 'நம்ம மீன்' என்று படும். அடையாளத்துக்குத் துடுப்பைப் பார்க்கலாம். ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வளரும், மார்புத் துடுப்பின் நுனி கறுத்திருக்கும். கருநுனி வேறு சில சுறாக்களுக்கும் உண்டு, அதனால் அதைக் கண்டதும் நிறுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அருங்காட்சியகங்களில் இருப்பவை இருபதுக்கும் குறைவு. 1979-க்குப் பிறகு உறுதியாக ஒன்றும் பதிவாகவில்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களைப் பட்டியலிடும் உலகச் செம்பட்டியலில் இது 'மிக அருகிய இனம்'. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், சேர்த்தார்கள். பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022-இல் இதன் குடும்பம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடிவானது.

ஆனால் யாரும் இதைத் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை. இழுவை மடியும் செவுள் வலையும் அகப்பட்டதை எல்லாம் அள்ளி வருகின்றன. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் கடலுக்குக் கொஞ்சம் மூச்சு விடத் தருகிறது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மத்திக்கு அது உதவும். சுறா அப்படிப் பெருகாது. இந்த வகைச் சுறாக்கள் குட்டி போடுபவை, அதுவும் சில குட்டிகள்தான், பருவத்துக்கு வரவே பல ஆண்டு ஆகும். ஒரு முறைகூட ஈனாத குட்டி வலையில் ஏறி, கரையில் துடுப்பும் தலையும் போய், புட்டுக்கு உதிர்ந்துவிட்டால் அது எந்தச் சுறா என்று கேட்கவே வழியில்லை. சட்டம் ஒரு பெயரைக் காக்கிறது, சந்தையில் அந்தப் பெயரே புழங்கவில்லை.

அக்காவிடம் போனில் இருந்த படத்தைக் காட்டி, "இதுக்குப் பேரு புதுச்சேரிச் சுறா" என்றேன்.

"நம்ம ஊரு பேரா?"

"ஆமாக்கா. நுனி கறுப்பா இருந்தா வெட்டாம ஒரு போட்டோ எடுத்து மீன்வளத் துறைக்குக் காட்டுங்க. உசுரோட வந்தா கடல்லயே விட்டுடச் சொல்லுங்க."

அரிவாள்மனையில் வைத்திருந்த சுறாவைத் திருப்பினார். மணல் ஒட்டியது போன்ற தோல் விரலில் சொரசொரக்க, மார்புத் துடுப்பைக் கட்டைவிரலால் விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நுனிவரை ஒரே சாம்பல்.

"இது பால் சுறாதாம்ப்பா" என்றார்.