கோட்டா குவிக்கி

பழைய பிரிட்டிஷ் சினிமாவைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்தச் சொல்லில் ஒருமுறையாவது தடுக்கி விழுந்திருப்பார்கள். கோட்டா நமக்குப் புதிதல்ல. ரயில் டிக்கெட்டிலேயே பழகியதுதான். 'எத்தனையாவது பங்கு' என்ற பொருளுடைய லத்தீன் தொடரிலிருந்து வந்தது. தமிழில் ஒதுக்கீடு. குவிக்கி என்றால் அவசரகோலத்தில் முடித்த வேலை. அதன் வேர்ச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'உயிருள்ள' என்று பொருள். பாதரசத்தின் பழைய ஆங்கிலப் பெயரான 'குவிக்சில்வரில்' அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒதுக்கீட்டுக் கணக்குக்காக அவசரமாக எடுத்த பிரிட்டிஷ் படங்களுக்குத்தான் இந்தப் பெயர். அவற்றில் பலவற்றில் உயிரைத்தான் காணோம்.

ஹாலிவுட் படங்களே பிரிட்டனின் திரையரங்குகளை நிறைத்திருந்ததால் 1927-இல் ஒரு சட்டம் வந்தது. விநியோகஸ்தர்கள் குறிப்பிட்ட விழுக்காடு பிரிட்டிஷ் படங்களை வாங்கியாக வேண்டும், திரையரங்குக்காரர்கள் காட்டியாக வேண்டும். சட்டம் அளவைக் கேட்டது, தரத்தைக் கேட்கவில்லை. பிரிட்டனில் விநியோகம் செய்துவந்த அமெரிக்க நிறுவனங்களுக்கு அது போதுமே! அடிக்கு ஒரு பவுண்டு என்று, பூவை முழம் போட்டு வாங்குவதுபோல, படத்தை அளந்து வாங்கின. 6,000 அடிப் படம் என்றால் 6,000 பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். காலையில் அரங்கைப் பெருக்குகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டியே கணக்கை முடித்தார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு.

'ஒதுக்கீட்டு விரைவுப் படம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ரயில் வண்டியின் பெயர்போல இருக்கிறது. விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவனைச் சேர்த்துக்கொள்வோமே, அதுதான் இங்கே நடந்தது. 'ஒப்புக்குப் படம்' என்பதே என் தேர்வு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் மலிவான இசை நகைச்சுவைப் படங்களையும் சிலர் இந்தப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். அது பிழை. ஒரு படத்தில் தொழிலாளர் சம்பளத்துக்கே குறைந்தது 7,500 பவுண்டு செலவிட வேண்டும் என்று 1938-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியதும் குவிக்கியின் காலம் முடிந்துவிட்டது. மான்செஸ்டரைச் சேர்ந்த மான்குனியன் பட நிறுவனத்தின் 'சம்வேர் இன் இங்கிலாந்து' வந்தது 1940-இல். ராணுவ முகாம், சில பாட்டுகள், பொக்கைவாயைக் கோணி அழகுகாட்டும் நகைச்சுவை நடிகர் ஃபிராங்க் ராண்டில். கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. லண்டன் கண்டுகொள்ளாத அந்தப் படத்தைப் பார்க்க வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் கூட்டம் திரண்டது. அதைச் சிக்கனப் படம் என்று சொல்லலாம். ஒப்புக்கு எடுத்தது என்று சொல்ல முடியாது.