மோடமா, இணக்கியா?

போன வாரம் நெட் வரவில்லை என்று போன் போட்டேன். "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா" என்றார் எதிர்முனையில் இருந்த தம்பி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுச் சுவரில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஃபைபர் பெட்டியைத்தான் சொன்னார். அதற்கு நேர் மேலே பரணில், பாலிதீன் பையில் சுற்றி, அந்தக் காலத்து மோடம் ஒன்று தூங்குகிறது. பெயர் மட்டும் பரணிலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்துவிட்டது.

மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களின் தலைகளை வெட்டி ஒட்டியதுதான் மோடம். கோடர், டிகோடர் சேர்ந்து கோடெக் பிறந்ததும் இப்படித்தான். போன் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது. ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் போகும். கணினியின் சுழியையும் ஒன்றையும் அந்த வரம்புக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்புவது முதல் வேலை. மறுமுனையில் அந்த ஒலியைத் திரும்பச் சுழியும் ஒன்றுமாக்குவது அடுத்த வேலை. 1950களில் அமெரிக்க வான்காப்பு ரேடார் நிலையங்களைத் தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு சேர்க்க இந்தக் கருவி தேவைப்பட்டது. 1962இல் வந்த பெல் 103 மோடத்தின் வேகம் நொடிக்கு 300 பிட்.

மாடுலேட்டருக்கு மூலம் லத்தீன். 'மோடுஸ்' என்றால் அளவு. அதிலிருந்து வந்த வினைக்கு, அளவோடு இசைப்பது என்றும் பொருள் உண்டு. நம் பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் இதைப் பண்பேற்றம், பண்பிறக்கம் என்கிறது. செய்தியைச் சுமந்து போவது ஊர்தி அலை. அருமையான சொற்கள். பண்பு, ஏற்றம் என்றுதான் பிரிக்க வேண்டும். ஆனாலும் திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் 'பண்'தான் விழுகிறது. தற்செயல்தான், இருக்கட்டுமே.

அப்படியானால் மோடத்துக்குப் 'பண்பேற்றி இறக்கி' என்று பெயர் வைக்கலாம். சிலர் வைத்தார்கள். லாரியில் மூட்டை ஏற்றி இறக்குவது போல இருக்கிறது. யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கலைச்சொல் பட்டியல்களில் இருக்கும் இன்னொரு சொல் 'இணக்கி'. என் ஓட்டு இதற்குத்தான். காரணம், அந்தச் சத்தம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களுக்குத்தான் கிடைத்தது. எங்களுக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குப் பின் இரவு 9 மணிக்கு என் அறையிலிருந்து கேட்பது இதுதான்: டயல் டோன், எண்கள் விழும் டிக்டிக், மறுமுனை எடுத்ததும் நீளமாக ஒரு கூவல், பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரைச்சல், சட்டென்று அமைதி. 'உனக்கு என்ன வேகம் வரும், எனக்கு இவ்வளவுதான், சரி இதில் பேசுவோம்' என்று இரண்டு இயந்திரங்கள் ஒத்துப்போகும் சத்தம் அது. இணங்க வைப்பது இணக்கி. கருவி என்ன செய்கிறது என்பதை மோடம் சொல்கிறது. எதற்காகச் செய்கிறது என்பதை இணக்கி சொல்கிறது.

"யாரும் போனை எடுக்காதீங்க!" என்று கத்திவிட்டுத்தான் உட்காருவேன். ஒரு முறை பாட்டு ஒன்று முக்கால்வாசி இறங்கியிருந்தபோது, கூடத்து போனைச் சித்தி எடுத்துவிட்டார். "என்னடா, போனுக்குள்ள சீவிடு மாதிரி கத்துது" என்றார். பேச்சுக்கும் நெட்டுக்கும் ஒரே கம்பி; இணைப்பு போச்சு. 56கே மோடம் என்றால் முழு வேகத்திலேயே நொடிக்கு 7 கிலோபைட்; 5 மெகாபைட் பாட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். அந்த முழு வேகம் எங்களுக்கு வாய்த்ததே இல்லை. கடிதத்தைக்கூட நோட்பேடில் முழுக்க அடித்து முடித்து, இணைத்து, அனுப்பி, உடனே துண்டிப்போம்.

மோடத்துக்கு இடும் கட்டளைகள் ஏறக்குறைய எல்லாமே 'ஏடி' என்றே தொடங்கும். கவனி என்று பொருள்படும் 'அட்டென்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். எண்ணைச் சுழற்ற ஏடிடிடி, துண்டிக்க ஏடிஎச். பேத்தியைப் பாட்டி அதட்டுவது போலத்தான் எனக்கு எப்போதும் கேட்கும்.

பக்கத்தில் புதுச்சேரியில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களுக்குக் கதை வேறு. அவர்களின் பிரான்ஸ் உறவுகளுக்கு 1982லிருந்தே, போன் கம்பி வழியே திரையில் தகவல் காட்டும் மினிடெல் பெட்டி இருந்தது. இறங்க நொடிக்கு 1,200 பிட், ஏற வெறும் 75. அதை 2012இல் நிறுத்தினார்கள்.

இப்போது வினைச்சொல்லே மாறிவிட்டது. அன்று 'நெட் போடு' என்போம். இன்று 'நெட் போயிடுச்சு', கரண்ட் மாதிரி. மோடம் சத்தமில்லாமல் ஒவ்வொரு செல்போனுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

இணக்கிக்கு ஓட்டுப் போட்டாலும் பேச்சில் மோடம்தான் ஜெயிக்கும். மரம், மரத்தை, மோடம், மோடத்தை. வேற்றுமை உருபு எவ்வளவு சுலபமாக ஒட்டுகிறது பாருங்கள்! போதாக்குறைக்குக் கொங்குப் பக்கம் மேகமூட்டத்துக்கே மோடம் என்றுதான் பெயர். "மோடம் போட்டிருக்கு" என்று கோயம்புத்தூர் நண்பர் போனில் சொன்ன முதல் நாள், எந்த கம்பெனி என்று கேட்டுவிட்டேன். ஐப்பசியில் இடி இடித்தால் ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கிய ஊர்க்காரன் நான். பரணில் இருப்பதும் அப்படிப் பிடுங்க மறந்த ஒரு நாள் மின்னலில் செத்ததுதான்.