ஒரே ரேண்ட், மனசுக்குள் பல பெட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் நம் வீடுகளில், காவடிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசை மாசக் கடைசியில் பாலுக்குச் சில்லறை இல்லாவிட்டாலும் தொட மாட்டோம். பர்ஸில் இருப்பதும் ரேண்ட்தான், துணியில் இருப்பதும் ரேண்ட்தான், ஆனால் மனசு இரண்டையும் வேறு வேறு பெட்டியில் போட்டுவிடுகிறது. இந்தப் பழக்கத்தை 1980களில் விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர். 2017-ல் நோபல் பரிசு பெற்றார்.

1981-ல் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியல் அறிஞர்கள் இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள். நாடகம் பார்க்கப் போகிறீர்கள், டிக்கெட் 10 டாலர், இன்னும் எடுக்கவில்லை, வாசலில் பார்த்தால் பையிலிருந்த 10 டாலர் நோட்டைக் காணோம், டிக்கெட் எடுப்பீர்களா? 88 சதவீதம் பேர் எடுப்போம் என்றார்கள். சரி, தொலைந்தது நோட்டு இல்லை, முன்னமே வாங்கிய டிக்கெட் என்றால்? இன்னொன்று வாங்குவோம் என்றவர்கள் 46 சதவீதம்தான். நஷ்டம் இரண்டிலும் அதே 10 டாலர். ஆனால் தொலைந்த டிக்கெட் நாடகக் கணக்கில் ஏறிவிடுகிறது, அதனால் அதே நாடகம் 20 டாலர் மாதிரித் தெரிகிறது. தொலைந்த நோட்டை யாரும் அந்தக் கணக்கில் எழுதுவதில்லை.

டிசம்பர் போனஸும் இதே கதைதான். மாசச் சம்பளத்தில் 500 ரேண்ட் எடுக்க நாலு தடவை யோசிக்கிறவர்கூட, போனஸ் என்றால் கணக்குப் பார்ப்பதில்லை, அதுவும் உழைத்த காசு என்றாலும்.

காசை இப்படிப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதை வெறும் முட்டாள்தனம் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. திலீப் சோமன், அமர் சீமா என்ற ஆய்வாளர்கள் இந்தியாவில் கட்டட வேலைக் கூலிகளிடம் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், சேமிப்பு உறையில் பிள்ளைகளின் படத்தை ஒட்டிக் கொடுத்தபோது சேமிப்பு கூடியது. ஒரே உறையாக இல்லாமல் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தபோதும் கூடியது, இரண்டாவது உறையைக் கிழிக்கும் முன் கை ஒரு தடவை தயங்குமே. இங்கே ஸ்டாக்வெல் என்ற கூட்டுச் சேமிப்புக் குழுவில் மாசாமாசம் காசு போட்டு டிசம்பர் மளிகைக்கு எடுப்பவர்களுக்கும் இதே பலம்தான், அவசரம் என்றாலும் அந்தக் காசில் கைவைக்கக் கூச்சமாக இருக்கும்.

அடி விழுவது கடனில். பிள்ளையின் படிப்புக்கென்று 6 சதவீத வட்டியில் 6,000 ரேண்ட் கிடக்கிறது, துணிக்கடை அக்கவுண்டில் அதே 6,000 பாக்கி, வட்டி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அப்படியே இருந்தால் வருஷத்துக்கு 840 ரேண்ட் போகிறது. படிப்புக் காசைத் தொடக்கூடாது என்ற வைராக்கியம்தான் காரணம். அதை எடுத்துக் கடையை அடைத்துவிட்டு, அப்புறம் கடைக்குக் கட்டிவந்த தவணையை மாசாமாசம் அதே பிள்ளை பேரிலேயே போடலாம்.