ரத்தத்தில் சரி, எலும்பில் சரியா?

மாதவிடாய் நின்ற பெண்ணின் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருந்தால், எலும்பும் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. உடம்பின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் சற்றே குறைந்தாலும் கழுத்துச் சுரப்பிகளிலிருந்து வரும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் ரிப்போர்ட்டில் எண் அசையாது.

எலும்பில் பழையதை அரித்துக் குழியாக்கும் செல்களும் உண்டு, குழியைப் புது எலும்பால் நிரப்பும் செல்களும் உண்டு. தோண்ட ஏறக்குறைய மூன்று வாரம். நிரப்ப மூன்று, நான்கு மாதம். தோண்டும் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் கடிவாளம். மாதவிடாய் நிற்கும்போது அது வீழ்ந்ததும் அச்செல்களைப் பெருக்கும் ராங்க்-எல் என்ற புரதம் ஓங்குகிறது, செல்களின் ஆயுளும் நீள்கிறது. ஒரே சமயத்தில் ஏராளமான குழிகள் விழ, நிரப்பும் வேலை பின்தங்குகிறது. முதலில் அடிபடுவது பஞ்சுபோல் துளையுள்ள முதுகெலும்பும் மணிக்கட்டும். மாதவிடாய் நின்றபின் வரும் 5 முதல் 7 ஆண்டுகளில் அடர்த்தியில் 20 விழுக்காடு வரை போகலாம். வலியே தெரியாது. முழங்கால் வலி பெரும்பாலும் குருத்தெலும்புத் தேய்மானம், அது வேறு.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். எடையிலிருந்து (கிலோ) வயதைக் கழித்து 0.2-ஆல் பெருக்குங்கள். ஆசியப் பெண்களுக்கென்றே உருவான கணக்கு இது. 60 வயது, 48 கிலோ என்றால் -2.4. விடை -1-க்குக் கீழே போனால் அபாயம் நடுத்தரம்; -4-க்கும் கீழே என்றால் அதிகம். அப்போது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற சிற்றூரில் இருப்பவர்கள் இதற்காக ஈப்போவுக்குப் போக வேண்டியிருந்தாலும், போவதே நல்லது. ஸ்கேன் தரும் டி-ஸ்கோர் என்ற எண் -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்). இளமை உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருக்கக்கூடும்.

"தோட்டத்தில் உழைத்த உடம்பு, வெயிலுக்கா பஞ்சம்?" என்பார்கள். சுமை தூக்கிய உழைப்பு எலும்பைக் கட்டியது உண்மைதான். ஆனால் தலைத்துண்டும் முழுக்கைச் சட்டையுமாக, பால்மர (ரப்பர் மர) நிழலில் வேலை செய்தால் தோலில் வெயில் படாது. கருத்த தோலில் வைட்டமின் டி உண்டாக வெயில் கூடுதல் நேரம் படவும் வேண்டும்.

ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 250 மில்லி பாலில் சுமார் 300 கிடைக்கும். தேநீரில் ஊற்றும் டின்பாலை இதில் சேர்க்காதீர்கள். பல டின்களில் இருப்பது செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர். முள்ளோடு தின்னும் நெத்திலி, கேழ்வரகு, தவ்வு (டோஃபு) எல்லாம் நல்லவை. பசலைக்கீரையின் கால்சியத்தை அதிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கட்டிப்போடுவதால் சிறு பங்கே உடம்பில் சேரும். கால்சியம் கார்பனேட் மாத்திரை என்றால் சாப்பாட்டோடு. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

டாக்டர் எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் என்ற மாத்திரை 70 மில்லிகிராம் கொடுத்தால், காலை வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். தேநீரோடு குடித்தால் மருந்து உடம்பில் சேராது. அடுத்த அரை மணி நேரம் உணவும் கூடாது, படுக்கவும் கூடாது; படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாரம் ஒருமுறை என்பதால் மறந்துபோவது சகஜம். மறந்தால் மறுநாள் காலை ஒன்று போதும். ஒரே நாளில் இரண்டு கூடவே கூடாது.