வைக்கோலிலிருந்து எரிபொருள்: செய்தியைப் பகிரும் முன்

வைக்கோலை எரிபொருளாக்கிவிட்டார்கள் என்று எங்காவது செய்தி வந்தால் தெரிந்தவர்கள் எல்லாரும் எனக்கு அனுப்பிவிடுகிறார்கள், தாவரச் செல்சுவர் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்பதால். "அப்போ சீக்கிரம் வந்துடுமா சார்?" என்பதுதான் அடுத்த கேள்வி. வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரியில் சொல்ல முடிகிற பதில் இல்லை அது.

வைக்கோலின் செல்சுவரில் முக்கியமான பொருள் செல்லுலோஸ். அதைச் சர்க்கரையாக உடைத்துப் புளிக்கவைத்தால் எத்தனால் என்ற எரிபொருள் கிடைக்கும். செல்லுலோஸ் முழுக்கக் குளுக்கோஸ் என்ற சர்க்கரைதான், அரிசியின் மாவுச்சத்தும் அதே குளுக்கோஸ்தான். கோத்திருக்கும் விதம் வேறு என்பதால் நம் உடலின் நொதிகள் ஒன்றை உடைக்கின்றன, மற்றதைத் தொடுவதே இல்லை. இந்தச் செல்லுலோஸைச் செய்யும் நொதிகள் செல்லின் வெளிச்சவ்வில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, குளுக்கோஸ் சங்கிலிகளை வெளியே தள்ளியபடியே நகர்கின்றன. சங்கிலிகள் ஒட்டிச் சேர்ந்து சுமார் 3 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகின்றன. ஸ்டான்ஃபோர்டு வளாகத்திலுள்ள கார்னகி ஆய்வகத்தார் 2006-இல் இதை உயிருள்ள செல்லிலேயே காட்டினார்கள்: நொதியில் ஒளிரும் புரதத்தை ஒட்டி, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் நாற்றைப் பார்த்தால், செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களின் தடத்திலேயே ஒளிப்புள்ளிகள் ஊர்கின்றன, நிமிடத்துக்கு ஒரு மைக்ரானில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். இன்றும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு அலுப்பதில்லை.

சரி, சிக்கல் எங்கே? தண்ணீர் ஏற்றும் சைலம் செல்களிலும் நார்களிலும் செல் வளர்ந்து முடிந்தபின் இழைகளுக்கு இடையே லிக்னின் என்ற கெட்டியான பொருள் நிரம்பிவிடுகிறது, கான்கிரீட்டில் கம்பியைச் சுற்றிச் சிமெண்ட் இறுகுவதுபோல. அப்புறம் செல்லுலோஸை உடைக்கும் நொதி உள்ளே போகவே வழியில்லை.

லிக்னினைக் குறைத்தால் போயிற்று என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் இலையில் நீர் ஆவியாகும்போது சைலத்துக்குள் கடும் இழுவிசை உண்டாகிறது, சுவர் பலவீனமாக இருந்தால் குழாய் உள்நோக்கி நசுங்கிவிடும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2001-இல் விவரித்த அராபிடாப்சிஸ் வகை ஒன்றில், லிக்னின் உண்டாகும் பாதையில் ஒரே ஒரு மரபணு கெட்டிருந்தது, அந்தச் செடியின் சைலம் நசுங்கியிருந்தது. அதே மரபணுவை அடக்கிய பாப்லர் மரங்களை பெல்ஜியத்தில் நிலத்திலேயே நட்டுப் பார்த்தார்கள். மரத்திலிருந்து சர்க்கரை எளிதாக வந்தது, மரம்தான் சரியாக வளரவில்லை.

எனவே செய்தியில் முதலில் தேட வேண்டியது, செடி வளர்ந்தது பசுமைக்குடிலிலா வயலிலா என்பது. விஸ்கான்சின், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2014-இல் லிக்னினைக் குறைக்காமல், அதற்குள் எளிதில் உடையும் பிணைப்புகளைப் புகுத்தினார்கள். என் பார்வையில் இதுதான் புத்திசாலித்தனமான வழி, ஆனால் அந்தப் பாப்லர்கள் நன்றாக வளர்ந்தது பசுமைக்குடிலில்.

ஆலைகளின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கா 2007-இல் சட்டம் போட்டு, 2022-க்குள் ஆண்டுக்கு 1600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று இலக்கு வைத்தது, அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. டூபான்ட் நிறுவனம் அமெரிக்காவின் அயோவாவில் 2015-இல் திறந்த ஆலையை 2017-இல் விற்பனைக்கு வைத்துவிட்டது. நம் நாட்டில் பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022-இல் தொடங்கிய ஆலைக்குத் திட்டம் ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால்.

இதற்கு நடுவே, லிக்னின் குறைந்த பயிர் ஒன்று எப்போதோ வயலுக்கு வந்துவிட்டது, அதைப் பற்றி யாரும் எனக்குச் செய்தி அனுப்புவதில்லை. இலையின் நடுநரம்பு பழுப்பாக இருக்கும் மக்காச்சோளம் அது, 1924-இல் மினசோட்டாவில் கண்டது. இப்போது தீவனத்துக்காகவே பயிரிடுகிறார்கள். மாட்டுக்கு நன்றாகச் செரிக்கிறது. விளைச்சல் கொஞ்சம் குறைவுதான், பலத்த காற்றடித்தால் சாயவும் செய்யும்.