ஹென்றி ஹெர்ஸும் பியானோவின் சுத்தியலும்

1803இல் வியன்னாவில் பிறந்து, 1816இல் பாரிஸ் கன்சர்வேட்வார் என்ற இசைக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்த பியானோ கலைஞர் ஹென்றி ஹெர்ஸ், 1830களில் அந்நகரத்துச் செல்வந்தர் வீடுகளின் செல்லப்பிள்ளையாக இருந்தார். (அலைவெண்ணின் அலகுக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் வேறொருவர்.) பெயர்பெற்ற ஆப்பெரா மெட்டுகளை எடுத்து, விரல் வித்தைக்கு இடமளிக்கும்படி விரித்தெழுதியே அவர் புகழ் தேடினார். மேலோட்டமான இசை என்று ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமான் அதை எள்ளினார். அந்த எள்ளலில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஹெர்ஸ் எழுதிய எட்டு பியானோ கான்செர்ட்டோக்களை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) இன்று மேடையில் கேட்பது அரிது. ஆனால் ஏறக்குறைய எந்தக் கிராண்ட் பியானோவைத் திறந்தாலும், அவர் கை பட்ட ஒரு பொறியமைப்பு உள்ளே இருக்கிறது.

அது எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பியானோக் கட்டையை அழுத்தினால் சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. அடித்த சுத்தியல் கம்பியிலேயே ஒட்டி நின்றால் அதிர்வு அடங்கி ஒலி செத்துவிடும். ஆகவே சுத்தியலை உந்தும் சிறு குச்சி, கம்பிக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே வழுகி விலகிக்கொள்கிறது. எஞ்சிய தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்து கடக்கிறது. இதில் ஒரு தொல்லை உண்டு. விலகிய குச்சி மீண்டும் சுத்தியலின் அடியில் வந்து அமர்ந்தால்தான் அடுத்த அடி விழும். அதற்குப் பழைய பியானோக்களில் கட்டை முழுவதுமாக மேலே வந்தாக வேண்டும். ஒரே சுரத்தைப் படபடவென்று அடிக்க நினைக்கும் விரல் அதற்காகக் காத்திருக்க நேர்ந்தது.

பாரிஸில் பியானோ தயாரித்த எராட் நிறுவனம் 1821இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இதற்கு வழிசெய்தது. கட்டையைச் சற்றே தளர்த்தியதும், ஸ்பிரிங் பூட்டிய கூடுதல் நெம்புகோல் ஒன்று, சுத்தியலை முழுவதும் விழவிடாமல் பாதி உயரத்தில் தாங்கிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் குச்சி, சுத்தியல் காம்பின் அடியிலுள்ள தோல் சுற்றிய உருளைக்குக் கீழே திரும்பிவிடுகிறது. கட்டை பாதி வழி ஏறினாலே அடுத்த அடிக்கு எல்லாம் தயார்.

எராட்டின் வடிவம் சிக்கலானது. தாமே பியானோத் தொழிற்சாலை நடத்திய ஹெர்ஸ், 1840ஐ ஒட்டி அதன் ஸ்பிரிங் அமைப்பை எளிமையாக்கினார். கிராண்ட் பியானோக்களில் நிலைத்தது அந்த எளிய வடிவமே. ஸ்பிரிங்குகள் மீது அவருக்குத் தனி மோகமே இருந்ததோ என்னவோ: விரல்களுக்கு வலுவூட்டவென்று, பத்து வளையங்களை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்ட ‘டாக்டிலியன்’ என்ற கருவியையும் அவர் விற்றார். தொழிற்சாலையில் ஏற்பட்ட நட்டத்தை ஈடுகட்ட 1846இல் அமெரிக்கா சென்று, சில ஆண்டுகள் ஊர் ஊராக வாசித்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய பியானோக்கள் பதக்கம் வென்றன.

இந்த அமைப்பை விரலாலேயே உணரலாம். ஒரு கிராண்ட் பியானோவின் கட்டையை, ஒலி எழாதபடி மிக மெதுவாக அழுத்துங்கள். கட்டை அடிமட்டத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பு மெல்லிய தடை ஒன்று தட்டுப்படும். குச்சி விலகுவதும், அந்த ஸ்பிரிங் நெம்புகோல் தன் தடுப்பில் முட்டுவதும் அங்கேதான்.