ஃப்ரீ வில்: விருப்பமா, தெரிவா?

ஒன்றைச் செய்வதா விடுவதா என்று தீர்மானிக்கும் திறன் உண்மையிலேயே நம் கையில் இருக்கிறதா? மெய்யியலில் இந்தத் திறனைத்தான் ஃப்ரீ வில் என்கிறார்கள். மூளையும் இயற்கையின் ஒரு பகுதி, இயற்கையில் நடப்பதற்கெல்லாம் முன்காரணம் உண்டு என்கிறது இயற்கைவாதம். அப்படியானால் 'நான் முடிவெடுத்தேன்' என்பதற்கு அதில் என்ன இடம் என்பதுதான் விவாதம். தமிழில் இதைக் 'கட்டற்ற விருப்பம்', 'சுதந்திர விருப்பம்' என்று எழுதிவருகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. விவாதம் எதைப் பற்றியது என்பதையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

மூலச் சொல் லத்தீன்: லிபெரும் அர்பிட்ரியும் (liberum arbitrium). 'லிபெரும்' என்றால் கட்டற்ற. 'அர்பிட்ரியும்' என்றால் ஆசை அல்ல. நடுவர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டுச் சொல்லும் தீர்ப்பு. உலகில் தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேடி, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் இந்தப் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். 1524இல் கிறித்தவ அறிஞர் எராஸ்மஸ் இந்தத் திறன் மனிதனுக்கு உண்டு என்று வாதிட, அடுத்த ஆண்டே சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 'அடிமைப்பட்ட அர்பிட்ரியும்' என்ற பொருளில் தலைப்பிட்டு மறுத்தார். அவர்கள் மோதிக்கொண்டது மனிதனின் தீர்மானத்தைப் பற்றி.

விருப்பத்துக்கும் தீர்மானத்துக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியாததல்ல. சர்க்கரை நோயாளி ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். இலையில் ஜாங்கிரி விழுகிறது. நாக்கில் எச்சில் ஊறுகிறது. அந்த ஆசையை அவர் வரவழைக்கவில்லை, போகச் சொன்னாலும் போகாது. ஆனாலும் ஜாங்கிரியை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ரசத்துக்குக் கை காட்டுகிறார். தள்ளினாரே, அதுதான் பேச்சு. அது அவருடைய தீர்மானமா, மருத்துவர் ஊட்டிய பயமும் பழைய பழக்கமும் சேர்ந்து தள்ள வைத்ததா என்று கேட்டால் ஃப்ரீ வில் விவாதத்துக்குள் வந்துவிட்டோம்.

சரி, வேறு என்ன சொல் இருக்கிறது? பைபிள் தமிழில் 'வில்' (will) என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் 'சித்தம்' என்று இருக்கிறது: 'உம்முடைய சித்தம்... செய்யப்படுவதாக'. கம்பீரமான சொல்தான். ஆனால் 'சித்தம் கலங்கியவன்' என்னும்போது அதுவே மனத்தையும் குறிக்கிறது. சுய இச்சை என்பதே 'சுயேச்சை' ஆனது. அதிலும் இருப்பது இச்சைதான், போதாததற்கு அது தேர்தல் வேட்பாளருக்குப் போய்விட்டது. 'தன்னிச்சை' யாரையும் கேட்காமல் நடந்துகொள்வது என்ற கெட்ட பெயரைச் சம்பாதித்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்தப் பொருளுக்கு உள்ள ஆர்பிட்ரரி என்ற சொல்லும் நாம் மேலே பார்த்த லத்தீன் வேரிலிருந்து வந்ததே.

நான் பரிந்துரைப்பது 'தெரிவு'. இலங்கைத் தமிழில் தெரிவு செய்தல், பாராளுமன்றத் தெரிவுக்குழு என்று இது அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. குறளில் 'தெரிந்து செயல்வகை', 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என மூன்று அதிகாரங்கள் உண்டு. அங்கே தெரிதல் என்பது ஆராய்ந்து எடுப்பது. நடுவர் தீர்ப்பு என்ற பழைய பொருளுக்கு இது மிக அருகில் நிற்கிறது. ஆகவே ஃப்ரீ வில் என்பதைத் 'தன்தெரிவு' என்று சொல்லலாம்.

இந்தச் சொல்லால் என்ன பயன் என்று காண, நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் சோதனையைப் பார்க்கலாம். 1983இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு புள்ளி கடிகார முகப்பை 2.56 நொடிக்கு ஒரு முறை சுற்றிவரும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர், அசைக்க வேண்டும் என்று தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று அப்புறம் சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன் எண்ணம் தோன்றியதாகச் சொன்னார்கள். மூளையின் மின் அலையோ அரை நொடிக்கும் முன்பே எழத் தொடங்கியிருந்தது. 'பார்த்தீர்களா, மூளை முடிவெடுத்த பிறகுதான் நமக்கே தெரிகிறது' என்று இதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே எதற்கும் எதற்கும் இடையே ஆராய்ந்து எடுக்க வேண்டியிருந்தது? ஒன்றுமில்லை. அளந்தது ஓர் உந்துதலை. பந்தியில் நடந்தது அந்தச் சோதனையில் நடக்கவே இல்லை. லிபெட்டும் எழுந்த உந்துதலைக் கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு நமக்கு உண்டு என்றே கருதினார்.

எதிர்ச்சொல்லிலும் இதே கவனம் வேண்டும். எல்லாம் முன்காரணத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்னும் டிடெர்மினிசத்தை 'விதிவாதம்' என்று எழுதினால் குழப்பம்தான். நியூட்டனின் விதியும் விதி, 'எல்லாம் என் விதி' என்பதும் விதி. 'நியதி' மட்டும் போதுமா? புத்தர் காலத்தவரான மற்கலி கோசாலரின் ஆசீவக சமயம் பேசிய நியதியில் மனித முயற்சிக்கு எந்தப் பலனும் இல்லை. உருட்டிவிட்ட நூல்கண்டு தானே அவிழ்ந்து முடிவதுபோல அறிவாளியும் முட்டாளும் ஒரே கணக்கில் சுற்றி முடிப்பார்கள் என்று பௌத்தர்களின் 'சாமஞ்ஞபல சுத்தம்' என்னும் பாலி நூல் அவர் கொள்கையைப் பதிவு செய்கிறது. டிடெர்மினிசம் அப்படிச் சொல்வதில்லை. நம் முயற்சியும் காரணங்களில் ஒன்று, அதற்கும் முன்காரணம் உண்டு என்பதே அதன் கூற்று. எனவே அதற்குக் 'காரண நியதி' என்றும், ஆசீவக நிலைக்கு 'விதிவாதம்' என்றும் வைத்துக்கொள்ளலாம். தன்தெரிவும் காரண நியதியும் ஒன்றாக இருக்க முடியும், சங்கிலியில் கட்டப்படாத எவருக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு என்று 1748இல் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் வாதிட்டார். அந்தத் தரப்புக்கு 'இணக்கவாதம்' என்ற பெயர் பொருந்தும்.